வெள்ளைக் கல் தெரியும்வரை

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணியின் இருமல் விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன். கால் தரையில் பாவாத அளவுக்கு நன்றாக இருக்கிறேன்.

உட்கார்ந்துகொண்டு படி. விமானம் ஓட்டும் உரிமம் கைக்கு வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில், பல்செட் செய்து பிழைக்கிற ஒருத்திக்கு! தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு வாய் நிறையச் சிரித்தார். மேல்வரிசை முழுக்க என் கைவேலை. அதற்காகப் பாஸ் போட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இனி ஒற்றை இன்ஜின் விமானத்தை நான் தனியாக ஓட்டலாம். ஆனால் பகலில் மட்டும், கண்ணுக்குத் தரை தெரியும்போது மட்டும். இரவில் ஓட்ட வேறு பயிற்சி வேண்டும். இதுவரை கிளப்பைச் சுற்றிச் சுற்றித்தான் பறந்திருக்கிறேன், செக்குமாடு மாதிரி. முதல் நெடும்பயணம் எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் முடிவு செய்துவிட்டேன். உங்கள் கல்குவாரிக்குப் பக்கத்தில் கம்பெனி விமானம் இறங்கும் மைதானம் இருக்கிறதே, அங்கேதான். நானூற்று இருபது கிலோமீட்டர். ஏழு வருடமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை.

மைதானம் எவ்வளவு நீளம், என்ன தரை, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று எழுது. அவசரம் என்றால் உன் ஆபீசுக்கே போன் செய்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
வாலு

*

செப்டம்பர் 15

வாலுக்கு அண்ணன் எழுதுவது.

கடிதம் கண்டு உன் அண்ணி அழுதாள், நான் சிரித்தேன். பிறகு இடம் மாற்றிக்கொண்டோம். என் முழங்கால் மழைக்கு மட்டும் பேசுகிறது. அவள் இருமல் போய்விட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மைதானம் தொள்ளாயிரம் மீட்டர். கெட்டியான செம்மண். இரண்டு ஓரமும் வெள்ளையடித்த கற்கள், ஒரு பக்கத்துக்கு நாற்பது. விளக்குக் கிடையாது. மேற்கே மலை. கம்பெனி விமானம் மாதம் ஒரு தடவை காலையில் வரும், போகும். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாறைக்கு வெடி வைப்போம். ஒரு சைரன் என்றால் வெடி வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். இரண்டு என்றால் ஆபத்து நீங்கியது, அது ஐந்தரைக்கு. அதுவரை மைதானத்தில் யாரும் இறங்கக் கூடாது. விடாமல் மூன்று ஊதினால் பெரிய ஆபத்து; எல்லா லாரியும் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் வந்து நிற்க வேண்டும். முப்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை மூன்று ஊதினேன், மண் சரிந்தபோது. சைரன் அறைச் சாவி இப்போதும் என் சட்டைப்பையில்தான் கனத்துக்கொண்டிருக்கிறது.

அப்பாவின் சுவர்க்கடிகாரம் நன்றாக ஓடுகிறது. அதே இருபத்தைந்து நிமிடம் முன்னால்! உனக்குத் தெரியாத கதை ஒன்று சொல்கிறேன். முதல் வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் ரயிலை அப்பா ஐந்து நிமிடத்தில் தவறவிட்டார். அன்றைக்குத் தள்ளிவைத்த முள்ளைச் சாகும்வரை பின்னால் வைக்கவில்லை.

ஆபீசுக்குப் போன் செய்யாதே. லைன் கெட்டுக்கிடக்கிறது. கடிதமே போதும்.

அண்ணன்

*

செப்டம்பர் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை வந்ததா, முழங்கால் பேசியதா? இங்கே எல்லாம் சுகம். என் பட்டறை மேசையில் ஊரார் தாடையச்சுகளை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்திருக்கிறேன். பென்சிலால் ஒரு கோடு. இந்த முனையில் நான், அந்த முனையில் நீ. பத்து நிமிடத்துக்கு ஒரு அடையாளம் குறித்திருக்கிறேன்: பாலம், தண்ணீர்த் தொட்டி, இரண்டு ரயில்பாதை சேருமிடம்.

கிளப்பில் இருப்பது ஒரே விமானம், அதுவும் கிழம், மெதுவாகத்தான் போகும். காலையில் பயிற்சிக்காரர்கள் விடமாட்டார்கள். பகல் ஒன்றேகாலுக்குத்தான் என் கைக்கு வரும். நடுவில் ஒரு ஊரில் இறங்கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டு உன்னிடம் வர எப்படியும் ஐந்து ஐம்பது ஆகிவிடும். உன் இரண்டாவது சைரனும் அதற்குள் ஊதியிருக்கும். நல்லது. ஆனால் எத்தனை மணிக்கு இருட்டுகிறது? பஞ்சாங்கம் சொல்லும் நேரம் சமவெளிக்குத்தான் பொருந்தும். மலையடியில் என்ன கதை என்று அங்கே இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் உனக்கு ஒரு வேலை. ஒரு வாரம், தினமும் சாயங்காலம், உங்கள் சமையலறை ஜன்னலில் நின்று பார். மைதானத்தின் கடைசி வெள்ளைக் கல் எப்போது கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அந்த நேரத்தைக் குறித்துக்கொள். ஆறு மணிக்கு முன்னால் இருட்டிவிடும் என்றால் இந்தப் பயணமே கிடையாது. வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

ஒன்று முக்கியம். அப்பாவின் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவாய். இருபத்தைந்தை நீயே கழித்துவிட்டு எழுது. நான் கழிக்க மாட்டேன். இரண்டு பேரும் கழித்தாலும் வம்பு, இரண்டு பேரும் கழிக்காவிட்டாலும் வம்பு.

அண்ணிக்கு என் அன்பு.
வாலு

*

நவம்பர் 2

வாலுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் இருக்கிறோம். பதில் தாமதத்துக்குக் கோபிக்காதே. எழுதிவைத்த காகிதம் எங்கேயோ போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து குறித்தேன்.

திங்கள் 6.10. செவ்வாய் 6.10. புதன் மேகம். வியாழன் 6.10. வெள்ளி 6.09. சனி 6.10. ஞாயிறு 6.10.

கழித்துவிட்டேன். நீ கழிக்காதே.

உன் அண்ணி நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து முறைக்கிறாள். "வீட்ல ஒரு வேலைக்கு உதவாத மனுஷன், கல்லை மட்டும் எண்ணுறாரு" என்கிறாள்.

உனக்குத் தெரியாத கதை ஒன்று சொல்கிறேன். முதல் வேலைக்கான நேர்காணலுக்குப் போகும் ரயிலை அப்பா ஐந்து நிமிடத்தில் தவறவிட்டார். அன்றைக்குத் தள்ளிவைத்த முள்ளைச் சாகும்வரை பின்னால் வைக்கவில்லை.

உரிமம் எப்போது கிடைக்கும்? கிடைத்ததும் எழுது.

அண்ணன்

*

நவம்பர் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுது. எனக்குத் தும்மல் மட்டும்தான், அதுவும் பிளாஸ்டர் தூசியால்.

ஆறு பத்து! நீ வாழ்க. ஐந்து ஐம்பதுக்கு வந்தால் கையில் இருபது நிமிடம் மிச்சம். டிசம்பர் 9, சனிக்கிழமை. கிளப் விமானத்தை என் பெயரில் எழுதிவைத்தாயிற்று.

அப்பா ரயில் கதையைச் செப்டம்பர் கடிதத்திலேயே சொல்லிவிட்டாய். உரிமம் வந்ததற்கு நீ சிரித்ததும் அண்ணி அழுததும் என்ன ஆயிற்று? வயதாகிறது உனக்கு. அரைத்த மாவையே அரைக்கிறாய்.

என் பயிற்சியாளர் அம்மாள் உன் கணக்கைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "சமவெளியிலயே அந்த மாசம் ஆறு பத்துக்கு இருட்டிடும். மேற்கே மலை இருக்குற இடத்துலயும் அதே ஆறு பத்தா?" என்று கேட்டார். வரைபடத்தில் தெற்குப் பக்கம் திறந்த வெளி, வெளிச்சம் அந்த வழியாக வரும் என்றேன். முப்பது வருடமாக நிமிடம் பிசகாமல் சைரன் ஊதுகிறவன் என் அண்ணன் என்றும் சொன்னேன். "உங்க இஷ்டம், ஓட்டப்போறது நீங்க" என்று விட்டுவிட்டார்.

உன் ஆபீசுக்கு ஒரு தடவை போன் செய்து பார்த்தேன். லைன் நன்றாகவே இருந்தது. யாரோ எடுத்து, "அவர் இப்ப இங்க வர்றதில்லையே" என்று சொல்லி வைத்துவிட்டார். ஷிப்ட் மாறியிருக்கிறதா?

வாலு

*

நவம்பர் 20

தங்கைக்கு,

ஆபீசுக்குப் போன் செய்யாதே என்று எழுதினேனா இல்லையா? எதற்குச் செய்தாய்? அங்கே இருப்பவர்களுக்கு வாய் நீளம். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வார்கள். நான் சரியாகத்தான் இருக்கிறேன்.

6.10 என்றால் 6.10தான். கழித்துவிட்டேன் என்று எத்தனை தரம் எழுதுவது? அந்த அம்மாளுக்கு என்ன தெரியும் எங்கள் மலையைப் பற்றி?

ஒன்பதாம் தேதி வா. கற்களுக்குப் புதிதாக வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறேன். பதினேழு முடிந்தது.

உடம்பைக் கவனி.
அண்ணன்

*

நவம்பர் 30

என் அன்பு வாலுக்கு அண்ணி எழுதுவது.

நீ நலமாக இருக்க வேண்டும். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. உன் வீட்டு முகவரி அவர் டைரியில் இருக்கிறது. எடுத்தால் ஏன் என்று கேட்பார். நீ எனக்கு முன்பு பல்செட் அனுப்பிய பெட்டியில் உன் பட்டறை முகவரி இருந்தது. அதற்கே அனுப்புகிறேன்.

உனக்கு அவர் சொல்லியிருக்க மாட்டார். மார்ச் மாதத்திலிருந்து அவருக்கு வேலை இல்லை. வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து, மனசுக்குள் இருபத்தைந்தைக் கழித்துத்தான் முப்பது வருடமும் சைரன் ஊதினார். அன்றைக்குக் கழிக்க மறந்துவிட்டார். ஐந்து ஐந்துக்கே இரண்டு சைரன் ஊதிவிட்டார். ஆபத்து நீங்கியது என்று ஆட்கள் உள்ளே போனார்கள். இரண்டாவது வெடி வெடித்தது. ஒரு லாரி டிரைவருக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை.

அதன் பிறகு மனிதர் மனிதராக இல்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்துவிட்டு, "இன்னும் சாப்பாடு போடலையா" என்கிறார். என்னை இரண்டு தடவை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். டாக்டரிடம் வர மறுக்கிறார். சாவியை ஆபீசில் கேட்டார்கள், தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

நீ எதற்கோ நேரம் கேட்டிருக்கிறாயாம். தினமும் ஜன்னலில் நின்று, கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்து, பார்த்த மணியை அப்படியே எழுதுகிறார். அந்த ஒரு வேலையில்தான் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீ வந்து அவரைக் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். நீ சொன்னால் கேட்பார். நான் எழுதியதைக் காட்டிக்கொடுக்காதே.

அண்ணி

*

டிசம்பர் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபம் தணிந்ததா? போன் செய்தது தப்புத்தான், விட்டுவிடு. முழங்காலுக்கு நான் வரும்போது ஒரு தைலம் கொண்டுவருகிறேன்.

ஒன்றாம் தேதி முதல் லீவு போட்டுவிட்டேன். பட்டறையைப் பூட்டிச் சாவியை வீட்டில் மாட்டியாயிற்று. வாயைத் திறந்துகொண்டு வருகிறவர்கள் பத்து நாள் மூடிக்கொண்டு இருக்கட்டும். பகலெல்லாம் கிளப்பில்தான். இறக்கை, சக்கரம், எண்ணெய் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இரவில் பென்சில் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே தூங்கிப்போகிறேன்.

பெட்ரோல் கணக்கையும் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். உங்கள் மலைக்கு வரும்போது இன்னும் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு மிச்சம் இருக்கும். விளக்கு உள்ள விமானநிலையம் அங்கிருந்து ஐம்பது நிமிடம். ஆனால் இருட்டில் ஓட்ட எனக்குத் தெரியாது. ஆகவே அந்தக் கணக்கு வெறும் காகிதத்துக்குத்தான். எனக்கு உன் ஆறு பத்து இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்தாலும் வந்துவிடுவேன். அண்ணியைக் கடைசிக் கல் பக்கத்தில் நிற்கச் சொல்.

வாலு

*

டிசம்பர் 17

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? டாக்டர் கொடுத்த மாத்திரையை அண்ணன் சாப்பிடுகிறானா? நான் பத்திரமாக ஊர் திரும்பினேன். விமானத்தைக் கிளப்பில் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

உங்கள் வீட்டில் இருந்த மூன்று நாளும் சொல்லாததை எழுதுகிறேன். எதிர்காற்றில் ஆறு நிமிடம் தாமதம். மலை முகட்டைத் தாண்டும்போது ஐந்து ஐம்பத்தாறு. நான் இருந்த உயரத்தில் நல்ல வெளிச்சம், என் கை நகம்கூடத் தெரிந்தது. கீழே பார்த்தால் மைக்குப்பியைக் கவிழ்த்தமாதிரி இருந்தது. மைதானம் இல்லை. கல் இல்லை. ஒரு வட்டம் அடித்தேன். இறங்க இறங்க இருட்டுத்தான் கெட்டியானது. கருவிகளுக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கைப் போட்டேன், எரியவில்லை. பகலில் ஓட்டுகிறவளுக்கு அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தவள் அதைத் தொடவில்லை.

பயந்தேன், அண்ணி. மலை எந்தப் பக்கம் என்பதே மறந்துபோனது. அண்ணனைத் திட்டினேன். அவனைச் சின்ன வயதில்கூட அப்படித் திட்டியதில்லை.

இரண்டாவது வட்டத்தில் ஒரு வெளிச்சம். பிறகு நாலு. அப்புறம் வரிசையாக வந்துகொண்டே இருந்தன, லாரிகள். திரும்பி நின்று, தரையில் வெளிச்சத்தைக் கொட்டின. வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒரு ஓரத்தில் பதினேழுதான் பளிச்சென்று இருந்தது. அந்தப் பதினேழைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

உங்கள் கடிதத்தைப் பட்டறையைத் திறந்ததும் கதவுக்கு அடியில் பார்த்தேன். ஒன்பது நாளாக அங்கேயே கிடந்திருக்கிறது. ஆனால் தபாலைக் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. ஒரே கதையை இரண்டு தடவை எழுதினான், பார்த்தேன். உரிமம் கிடைத்ததா என்று கேட்டான், பார்த்தேன். போனில் அந்த ஆள் சொன்னதையும் கேட்டேன். பயிற்சியாளர் நேராகவே கேட்டார். எல்லாம் கண்ணில் பட்டது. எனக்கு ஆறு பத்து வேண்டியிருந்தது. ஐந்து நாற்பத்தைந்து என்று அவன் சரியாக எழுதியிருந்தால் பயணம் கிடையாது. அதனால் நான் கேட்கவில்லை. அவன் மறந்தான். நான் மறக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். அண்ணன் ஏன் மூன்று சைரன் ஊதினான்? அவனுக்குத் தெரிந்ததா? நேரில் கேட்கத் துணிவு வரவில்லை.

உங்கள் வாலு

*

டிசம்பர் 26

வாலுக்கு அண்ணி எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிட்டுத் தூங்கு, அதுதான் எனக்கு வேண்டும். மாத்திரையை நான் எண்ணிக் கொடுக்கிறேன், அவர் எண்ணிச் சாப்பிடுகிறார். ஆனால் கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்கிறார்.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அன்று சாயங்காலமும் ஜன்னலில் நின்றார். கல் மறைந்தது. கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார், ஆறு பத்து. பென்சிலை எடுத்தவர் எழுதவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். "மணி ஆச்சு" என்றார். செருப்புக்கூடப் போடாமல் இறங்கி நடந்தார். நான் பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு ஓடினேன். சைரன் அறையைத் திறந்து, மூன்று ஊதினார். புது ஆள் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தும் விடவில்லை. டிரைவர்கள் எல்லோரும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேதான் மைதானத்துக்கு வந்தார்கள். சைரன் ஓய்ந்த பிறகுதான் மேலே உன் சத்தம் எங்கள் காதில் விழுந்தது.

அது உனக்கான மணியா, அவருடைய பழைய வேலைக்கான மணியா என்று என்னைக் கேட்காதே. அவரைக் கேட்டேன். "எந்த சைரன்?" என்றார்.

சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து பையைத் தடவிக்கொண்டே இருக்கிறார். கடிகாரத்தை நான் சரியான நேரத்துக்கு மாற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் மறுபடி இருபத்தைந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. "யாரோ அப்பா கடிகாரத்தைக் கெடுத்துட்டாங்க" என்று என்னிடமே புகார் சொன்னார்.

உன் மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதே. போட்டுக்கொள்வாய், தெரியும். அவர் கடிதம் எழுதினால் மட்டும் பதில் போடு.

அண்ணி

*

ஜனவரி 8

வாலுக்கு அண்ணன் எழுதுவது.

நலமா? முழங்கால் பரவாயில்லை. உன் அண்ணிக்கு இருமல் போய்விட்டது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உனக்கு உரிமம் வந்துவிட்டதாக அண்ணி சொன்னாள். எனக்கு ஏன் எழுதவில்லை? எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! ஏழு வருடமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் குவாரிக்குப் பக்கத்தில் ஒரு மைதானம் இருக்கிறது. விமானத்திலேயே வந்துவிடேன். மைதானத்தில் லாரித் தடமாக இருக்கிறது, யார் ஓட்டினார்களோ. நீ வருவதற்குள் சமன் செய்துவிடுகிறேன். கற்களுக்கும் வெள்ளையடிக்கிறேன். பதினேழு ஏற்கெனவே யாரோ அடித்துவைத்திருக்கிறார்கள்.

நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் ஜன்னலில் நின்று பார்த்து வைத்தேன். கடைசிக் கல் மறைவது 6.25க்கு. நீ தாராளமாக ஆறு மணி தாண்டி வரலாம்.

கழித்துவிட்டேன். நீ கழிக்காதே.

அண்ணன்